'வுதரிங் ஹைட்ஸ்' புதினத்தில் காதலும் துரோகமும் பழியும்

முன்னுரை

எமிலி பிராண்டே (1818-1848) எழுதிய ஒரே புதினம் 'வுதரிங் ஹைட்ஸ்'. எல்லிஸ் பெல் என்னும் புனைபெயரில் 1847ஆம் ஆண்டு வெளிவந்தது. வாசகர் பலர் இதனை இறவாக் காதலின் கதையாகவே போற்றுவர். அப்போற்றுதல், ஹீத்கிளிஃப் இழைக்கும் கொடுமைகளைக் காதலின் பெயரால் மன்னித்துவிடுகின்றது. அவனது பழிவாங்கலைக் காதலின் நீட்சியாகக் கொள்ளுதல் பொருந்தாது. தன்னை இழிவுபடுத்திய சமூக ஏற்பாட்டையே அவன் தன் கருவியாக்கிக்கொண்டான் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

பாதி கேட்ட சொல்

லிவர்ப்பூல் தெருவில் கண்டெடுக்கப்பட்டு, யார்க்‌ஷயர் மேட்டுநிலத்துப் பண்ணை வீட்டில் வளர்பவன் ஹீத்கிளிஃப். வளர்த்தவர் இறந்தபின், அவர் மகன் ஹிண்ட்லி அவனுக்குக் கல்வியை மறுத்துப் பண்ணையாளாகத் தாழ்த்துகின்றான். ஒன்பதாம் இயலில், ஹீத்கிளிஃபை மணப்பது தனக்கு இழிவு என்று காதரின் பணிப்பெண் நெல்லியிடம் கூறுகின்றாள். அதனை மறைவிலிருந்து கேட்ட அவன் உடனே வெளியேறுகின்றான். அவனும் தானும் வேறல்லர் என்று அவள் தொடர்ந்து உரைப்பதை அவன் கேட்கவில்லை. அவன் வெளியேறியதைக் கண்ட நெல்லி அதனை அப்போது காதரினிடம் கூறாமல் மறைக்கின்றாள். ஆகவே துரோகம் காதரின் ஒருத்தியின் செயலாக மட்டும் அமையவில்லை. ஹிண்ட்லி உண்டாக்கிய தாழ்வும் நெல்லியின் மௌனமும் அதில் பங்குபெறுகின்றன.

சொத்துவழிப் பழி

மூன்றாண்டு கழித்துச் செல்வனாகத் திரும்பும் ஹீத்கிளிஃப் வாளெடுக்கவில்லை. சூதாட்டத்தில் மூழ்கிய ஹிண்ட்லியின் நிலத்தை அடமானமாகப் பெறுகின்றான். காதரினை மணந்த எட்கரின் தங்கை இசபெல்லாவை அன்பின்றி மணக்கின்றான். பின்னர், காதரினின் மகளை அடைத்துவைத்து, நோயாளியான தன் மகனுக்கு மணமுடிக்கின்றான். அக்காலச் சட்டப்படி மனைவியின் அசையும் சொத்து கணவனைச் சேரும். அதனை மகனின் உயில்வழித் தான் பெறுகின்றான். நிலத்தையும் உரிமை கூறிக் கைக்கொள்கின்றான். இப்புதினத்தின் சொத்துரிமைச் செய்திகளும் காலவரிசையும் நுட்பமாக அமைந்திருப்பதைச் சி. பி. சாங்கர் 1926இல் எடுத்துக்காட்டினார். காதல் வெறியெனத் தோன்றுவது கணக்கறிந்த செயல் என்பது இதனால் புலனாகும்.

இப்பழியின் உச்சம் ஹேர்ட்டன். ஹிண்ட்லி தனக்குச் செய்ததை ஹீத்கிளிஃப் அவன் மகனுக்குச் செய்கின்றான். எழுத்தறிவின்றி, சொந்த வீட்டிலேயே பணியாளாக வளர்க்கின்றான். ஒடுக்கப்பட்டவன் ஒடுக்கியவனின் இடத்தில் அமர்ந்துவிடுகின்றான்.

முடிவுரை

இரு குடும்பங்களையும் அழிக்கும் வாய்ப்புக் கைகூடிய வேளையில் ஹீத்கிளிஃபின் மனம் தளர்கின்றது. ஹேர்ட்டனிடம் அவன் காண்பது தன் இளமையையும் காதரினின் கண்களையுமே. இளைய காதரின் ஹேர்ட்டனுக்கு எழுத்துக் கற்பிக்கின்றாள். ஹிண்ட்லி பறித்த கல்வி, அவன் மகனுக்கு அன்பின்வழி மீள்கின்றது. பழியால் தீராத வழக்கு இங்குத் தீர்கின்றது. எனவே இப்புதினத்தின் காதலை மதிப்பிடுவோர், மேட்டுநிலத்தில் அலையும் ஆவிகளோடு நின்றுவிடாது, ஒரு நூலின்மேல் குனிந்திருக்கும் இவ்விருவரையும் கருதுதல் வேண்டும்.