தாளில் பிழைத்த தோட்டம்

ஹாலந்து நாட்டு ஹெட் லோ அரண்மனைத் தோட்டத்தை 1700-ஐ ஒட்டி ரொமெய்ன் டெ ஹோகே என்னும் கலைஞர் அச்சுப்படமாக வெளியிட்டார். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கோடு கீறி, திராவகத்தில் அரிக்கவிட்டு மை ஏற்றும் முறை. அதைப் பார்க்கும் அன்பர்கள் முதலில் கேட்க வேண்டியது, இவர் எங்கே நின்றுகொண்டு வரைந்தார் என்பதுதான். பருந்துக்கு மட்டுமே தெரியக்கூடிய காட்சி அது. கால் ஊன்ற அங்கே இடமே கிடையாது. ஆக, கண்டதை வரைந்த படமன்று. அளந்ததை மனத்தில் தூக்கி நிறுத்திய படம்.

அரண்மனைக்கு உடையவர் மூன்றாம் வில்லியம். 1689-இல் இங்கிலாந்துக்கும் அரசரானவர். பிரான்ஸின் பதினான்காம் லூயியோடு தீராப் பகை. டெ ஹோகே வில்லியத்தின் புகழ் பரப்பியவர். அதனால்தான் படத்தில் எல்லாம் நடுக்கோட்டுக்கு இருபுறமும் சரிபாதி. வளைவு வளைவாகப் போகும் பாத்திகளுக்குப் பிரெஞ்சுக்காரர் பூத்தையல் பாத்தி என்றே பெயர் வைத்தார்கள். ஜவுளி விற்ற என் கண்ணுக்கு அது அசல் சரிகைக் கரைதான்!

ஆனால் இப்படம் ஒன்றை மறைக்கிறது. அரசரின் ஊற்று சுமார் 13 மீட்டர் உயரம் பீறிட்டது. எந்தப் பொறி தள்ளியது? பொறியே இல்லை. மேட்டு நிலத்துச் சுனைநீர் குழாய் வழியே தன் பாரத்தால் இறங்கி வந்து எழும்பியது. லூயியின் வெர்சாய் தோட்டத்துக்கோ, ஆற்று நீரை ராட்சத எந்திரம் வைத்து ஏற்றியும் போதவில்லை. வில்லியத்தின் உண்மையான வெற்றி மண்ணுக்கடியில் இருந்தது. படமோ மேலே உள்ள அலங்காரத்தைத்தான் பாடுகிறது.

1806-இல் ஹாலந்து அரசரான லூயி நெப்போலியன் இந்தத் தோட்டத்தை மண்போட்டு மூடி, ஆங்கிலேய பாணிச் சோலை ஆக்கிவிட்டார். 1970-களில் பழையதை மீட்கப் புறப்பட்டபோது இப்படங்களே வழிகாட்டின. தோண்டியபோது கிடைத்த அடித்தளங்களும் துணை நின்றன. 1984-இல் தோட்டம் திறந்தது. இடையில் நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் வளர்ந்த சோலை மரங்கள் வெட்டுப்பட்டன. முகஸ்துதிப் படத்தை நம்பி மரத்தை வெட்டலாமா என்று கேட்டால், அளவு விஷயத்தில் டெ ஹோகேயை நம்பலாம் என்பேன். பாதிக் கரை நெய்த சேலை விலைபோகாது. இத்தகைய தோட்டமும் முழுசாக இருந்தால்தான் தோட்டம். ஆகவே மீட்டவர்கள் பக்கமே நான். இருந்தாலும் அந்த மரங்களை நினைத்தால் மனசு ஒப்பவில்லை.