பெண்கள் உட்கார்ந்து பேசும் ஜமாஅத்

தீபா தன்ராஜின் 'இன்வோக்கிங் ஜஸ்டிஸ்' (2011) ஆவணப்படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், "எவ்வளவு தைரியமான பெண்கள்!" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். புதுக்கோட்டையில் தாவூத் ஷரிஃபா கானம் முன்னின்று உருவாக்கிய முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்தைப் பற்றிய படம் அது. 2004இல் தொடங்கிய அந்த ஜமாஅத்துக்குப் படம் வெளிவந்த காலத்தில் 12 மாவட்டங்களில் 12,000 உறுப்பினர்கள். விவாகரத்து, அடி உதை, கொலை என 8,000க்கும் மேற்பட்ட வழக்குகளைக் கையாண்டிருந்தார்கள். கைதட்ட வேண்டியதுதான். ஆனால் கைதட்டலோடு நிறுத்தினால், படம் எழுப்பும் முக்கியமான கேள்வி விட்டுப்போகிறது: மத அதிகாரம் என்பது உண்மையில் எங்கே இருக்கிறது?

ஊர் ஜமாஅத்தின் பலம் மார்க்க அறிவு மட்டுமல்ல. நிக்காஹ் பதிவேடு அதனிடம், மையவாடி அதனிடம். எங்க மங்கலம்பேட்டைப் பக்கம் "ஜமாஅத்துல பேசி முடிச்சாச்சு" என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. அந்தப் பேச்சு நடக்கிற இடத்தில் சம்பந்தப்பட்ட பெண் இருப்பதில்லை; அவளுக்காக அத்தாவோ அண்ணனோ பேச வேண்டும். பெண்கள் ஜமாஅத்திடம் பதிவேடும் இல்லை, மையவாடியும் இல்லை. பாதிக்கப்பட்டவளே தன் வாயால் சொல்லலாம் என்ற ஒரே ஒரு மாற்றத்தை வைத்துத்தான் அவர்கள் தொடங்குகிறார்கள்.

"இதுவும் கட்டப்பஞ்சாயத்துதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மேல்முறையீடு இல்லாத எந்த மன்றமும், யார் உட்கார்ந்தாலும், தவறிப்போகலாம். அதனால்தான் பெண்களுக்கென ஒரு பள்ளிவாசல் வேண்டும் என்ற ஷரிஃபாவின் கோரிக்கை தீர்ப்புகளைவிடக் கூர்மையானது என்று நினைக்கிறேன். பள்ளிவாசல் ஆண்களுடையதாக இருக்கும்வரை ஜமாஅத்தும் அவர்களுடையதுதான். நீதியை மட்டும் கேட்டால் பரிதாபப்பட்டுக் கொடுத்துவிடுவார்கள். தொழுகை இடத்தில் பங்கு கேட்டால்தான் பிரச்சினை வெடிக்கிறது.

இது ஒரு மதத்தின் கதை மட்டுமல்ல. பெர்லினைச் சேர்ந்த ரெஜினா ஜோனஸ், பெண் ரபி ஆகலாமா என்ற கேள்விக்கு யூதச் சட்டத்துக்குள்ளிருந்தே பதில் எழுதி, 1935இல் ரபியாகப் பட்டம் பெற்றார். 1944இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அவருடைய காகிதங்கள் கிழக்கு பெர்லின் ஆவணக் காப்பகத்திலிருந்து வெளிச்சத்துக்கு வர 1991 ஆகிவிட்டது. 1972இல் அமெரிக்காவில் சாலி பிரீசாண்ட் ரபி ஆனபோது ஜோனஸின் பெயர் ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்தது. பட்டம் இருந்தும், அதைத் தொடர்ந்து சுமக்க ஒரு சபை மிஞ்சவில்லை.

புதுக்கோட்டையில் நிலைமை தலைகீழ். பட்டம் யாரிடமும் இல்லை, சபை இருக்கிறது. 2017இல் உச்ச நீதிமன்றம் உடனடி முத்தலாக்கைச் செல்லாது என்றது. சட்டம் அத்தோடு நின்றுகொள்ளும். பதிவேடு யார் கையில் என்பதை அது தொடாது. தீபாவின் கேமரா பெண்கள் கூடிப் பேசும் இடத்தில் பொறுமையாக உட்கார்ந்திருப்பதை அதனால்தான் மதிக்கிறேன். மார்க்கத்தை விட்டு வெளியேறாமல், அதற்குள்ளேயே தங்களுக்கும் பேச இடமுண்டு என்று வாதாடும் பெண்கள் அவர்கள். அந்த வாதத்தைக் கேட்பதற்காகவே இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும்.