ஆறு டாலர் திருநாள்

குழந்தைகளுக்காகத்தான் கேளிக்கைப் பூங்காவுக்குப் போகிறோம் என்று பெரியவர்கள் சொல்லிக்கொள்கிறோம். 1953-ல் வெளிவந்த ‘லிட்டில் ஃப்யூஜிடிவ்’ என்ற அமெரிக்கப் படம் அதைச் சோதித்துப் பார்க்கிறது.

பாட்டிக்கு உடம்பு சரியில்லையென்று தாய் வெளியூர் போயிருக்கிறாள். அண்ணனைச் சுட்டுக் கொன்றுவிட்டதாக விளையாட்டுக்கு நம்பவைக்கப்பட்ட ஏழு வயது ஜோயி, அவள் வைத்துப்போன ஆறு டாலருடன் நியூயார்க்கின் கோனி தீவுக்கு ஓடுகிறான். காசு தீர்கிறது, குதிரைச் சவாரி ஆசை தீரவில்லை. கடற்கரையில் காலிப் புட்டிகளைப் பொறுக்கிக் கொடுத்துக் காசாக்கி, திரும்பத் திரும்பச் சவாரி செய்கிறான்.

மாரிஸ் எங்கெலும் கூட்டாளிகளும் உடலோடு கட்டிய சிறு காமிராவால் கூட்டம் அறியாமல் எடுத்த படம் இது. பிற்பாடு சேர்த்த பேச்சு சில இடங்களில் ஒட்டவில்லை. பாதகமில்லை, புட்டிக்குக் குனிகிற அந்தச் சின்ன முதுகே பேசிவிடுகிறது.

திரும்பிவந்த தாய், பிள்ளைகள் சமர்த்தாக வீட்டிலேயே இருந்ததாக எண்ணி, பரிசாகக் கோனி தீவுக்கே அழைத்துப்போவதாகச் சொல்கிறாள். அவளைப் படம் கேலி செய்யவில்லை. ஆனால் நாம் வாங்கித் தரும் சந்தோஷம், குழந்தை தானே சம்பாதித்த சந்தோஷத்துக்கு ஈடாகுமா? இந்தக் கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேட்பதால்தான் இதை உயர்ந்த படம் என்கிறேன்.