அடங்கிய புகை

ஜப்பானிய விஸ்கி சேகரிக்கிறவர்கள் யமசாகி, ஹிபிகி என்று ஏலக்கடை ஏறுகிறார்கள். எனக்கு 1970, 80களின் சூப்பர் நிக்கா போதும். லேபிளில் வயது போடாத பிளெண்ட், ஏராளமாக விற்ற சரக்கு. அதனாலேயே அந்தப் பெரிய பெயர்களின் விலை இதற்கு ஏறவில்லை.

இதைக் கலந்தவர் மசதாகா தாகெட்சுரு. ஸ்காட்லாந்துக்குத் தொழில் கற்கப் போய், 1920இல் ரீட்டா கோவனை மணந்து ஊர் திரும்பியவர்; 1934இல் ஹொக்கைடோவின் யோய்ச்சியில் சொந்த ஆலை தொடங்கினார். 1961இல் ரீட்டா இறந்தார். அந்தத் துக்கத்தோடு வளர்ப்பு மகன் தாகேஷியுடன் உட்கார்ந்து அவர் உருவாக்கியதுதான் 1962இல் வந்த சூப்பர் நிக்கா. தொடக்கக்காலப் புட்டிகள் ஊதுகுழலில் ஊதிச் செய்தவை.

யோய்ச்சியில் வாலையின் அடியில் நேரடியாக நிலக்கரி எரிகிறது. ஆட்கள் மண்வெட்டியால் கரியை அள்ளி அள்ளிப் போட வேண்டும். அங்கே வடியும் மால்ட்டில் கனமும் தீய்ந்த வாசமும் பீட் புகையும் தூக்கலாக இருக்கும். 1963இல் காஃபி (Coffey) எனும் தொடர் வாலை வந்து மெத்தென்ற தானிய விஸ்கி கிடைத்தது; 1969இல் தொடங்கிய மியாகிக்யோ ஆலை பழவாசனையுள்ள மால்ட் தந்தது. பழைய சூப்பர் நிக்காவில் இம்மூன்றும் கைகோத்திருக்கின்றன. மூக்குக்கு முதலில் எட்டுவது உலர்திராட்சையும் முறுகிய சர்க்கரைப் பாகும். வாயில் வழுவழுப்பு; நாக்கின் ஓரத்தில் ஆரஞ்சுத் தோலின் கசப்பு. விழுங்கிய பிறகுதான் புகை வருகிறது, அணைத்த விறகடுப்பின் வாசம் போல, மெல்ல. தனி மால்ட்டில் முந்திக்கொண்டு வரும் அந்தப் புகையை இப்படிப் பின்வரிசையில் நிறுத்தியதில்தான் கலந்தவரின் கைவண்ணம் தெரிகிறது.

வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். 'சிறப்புத் தரம்' என்ற பழைய வரி முத்திரை இருந்தால் சரக்கு 1989க்கு முந்தையது. அந்த ஆண்டில் அந்தத் தரவரிசையையே எடுத்துவிட்டார்கள். 760 மில்லி அளவும் பழமைக்கு நல்ல அடையாளம். புட்டியை வெளிச்சத்தில் பிடித்து மட்டம் பாருங்கள். தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் மூடி கசிந்திருக்கும், விட்டுவிடலாம். படுக்க வைக்காதீர்கள், சாராயம் தக்கையை அரித்துவிடும். வெயிலும் ஆகாது.

புட்டிக்குள் விஸ்கிக்கு வயது ஏறாது, காத்து வைத்துக் கூடுவது விலை மட்டுமே. ஆகவே இரண்டு கிடைத்தால் ஒன்றைத் திறந்துவிட வேண்டும் என்பது என் கட்சி. ஊற்றியதும் குடிக்காமல் கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள். மூடியிருந்த வாடை போய்விடும். பிறகு சில சொட்டுத் தண்ணீர் சேர்த்தால் போதும், ஐஸ் வேண்டாம்.