ஜனவரியின் முதல் புத்தகம்

ஜனவரி பிறந்ததும் தமிழ் வாசகர்கள் ஒருவரையொருவர் விசாரிப்பது, "இந்த வருசம் முதல்ல என்ன படிச்சீங்க?"

பதில் பெரும்பாலும் ஒல்லியான புத்தகமாகத்தான் இருக்கும். விடுமுறை நாளில் உட்கார்ந்தால் ராத்திரிக்குள் முடித்துவிட்டு மறுநாளே சொல்லிக்கொள்ளலாமே! அசோகமித்திரனின் 'தண்ணீர்' இதற்கு வாகானது. சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தைக் குடமும் பம்பும் தெருச்சண்டையுமாகச் சொல்லும் சிறிய நாவல். ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' மாதிரி தடித்த நாவலோடு ஆண்டைத் தொடங்கும் துணிச்சல்காரர்களும் உண்டு. அவர்கள் பதில் சொல்வதற்குள் பொங்கல் போய்விடும். சிலருக்குச் சித்திரையே வந்துவிடும்.

இந்தப் பேச்சு சூடு பிடிப்பது சென்னைப் புத்தகக் காட்சியில். 1977-இல் அண்ணா சாலை மதரசா-இ-ஆசம் பள்ளியில் தொடங்கி, புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி நடத்திவரும் இந்தக் காட்சி சமீப ஆண்டுகளில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கிறது. பத்து சதவீதக் கழிவு உண்டு. ஆனாலும் கூட வந்த நண்பர், "அதை வாங்காதீங்க, நான் தர்றேன்" என்பதுதான் பெரிய கழிவு.

அப்படிக் கைமாறும் பிரதிக்குத் தனி ருசி. முதல் பக்கத்தில் பேனாவால் எழுதிய பெயரும் தேதியும்; நடுவில் அடையாளத்துக்குச் செருகிய பஸ் டிக்கெட்; ஓரத்தில் பென்சில் கோடு. முன்னால் படித்தவர் எங்கே நின்றார், எதில் சொக்கினார் என்பது சொல்லாமலே தெரிந்துவிடும். மதிப்புரைகளைவிட இந்தக் கோடுகளை நம்பலாம்.

திருப்பித் தருவது வேறு கதை. டிசம்பரில் கேட்டால், "அடுத்த வருசத்துக்கு முதல் புத்தகமா அதைத்தான் வெச்சிருக்கேன்" என்பார்கள்.