ஆறாம் இடத்துக்காரன்

பலேர்மோவிலிருந்து ஊருக்குத் தொலைபேசி எடுத்துச் சாதகம் பார்ப்பிக்கும் எம்மவர்கள் விடாமல் விசாரிப்பது ஆறாம் இடத்தைப் பற்றி. கடன், நோய், சத்துரு மூன்றும் அங்குதான் குடியிருக்கின்றன. இதைச் சிரித்துத் தள்ளிவிடுவது எமது பகுத்தறிவாளரின் வழக்கம். கிரகம் பலன் தருமென்று நானும் நம்புவதில்லை. ஆனால் பகை என்ற கருத்தாக்கத்தை அந்நூல்கள் எவ்வாறு கட்டியிருக்கின்றன என்று வாசிப்பது வேறு விடயம்.

கி.பி. 6ஆம் நூற்றாண்டின் வராகமிகிரர் தமது பிருகத் ஜாதகத்தில் கிரகங்களுக்கு நட்பும் பகையும் வகுக்கிறார். (அவற்றுக்குச் சாதியும் பிரித்தவர் அவர் என்பதை மறக்க வேண்டாம்.) அங்கே சந்திரனுக்குப் பகைவர் எவருமில்லை, புதனை அவன் நண்பனாகவே கொள்கிறான். புதனோ சந்திரனைப் பகைவனாகக் கொள்கிறான். தாரையின் கதை தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியமிராது. பகை இருபுறமும் ஒரே அளவில் இருக்கவேண்டியதில்லை என்பது இங்கு விதியாகவே ஏற்கப்பட்டிருக்கிறது. இதற்கு மேல் தற்காலிகப் பகையும் உண்டு. ஒரு கிரகம் நிற்கும் இடத்திலிருந்து 2, 3, 4, 10, 11, 12ஆம் இடங்களில் நிற்பவை அந்தச் சாதகத்தளவில் அதற்கு நட்பு, ஏனையவை பகை. இயற்கைப் பகைவன் இப்படித் தற்காலிக நண்பனாக வாய்த்தால் இரண்டும் கழிந்து 'சமம்' ஆகிறது. ஆக அதிநட்பு, நட்பு, சமம், பகை, அதிபகை என ஐந்து படிகள்.

அர்த்தசாஸ்திரத்தின் ஆறாம் அதிகரணத்திலும் பகை என்பது முதலில் ஓர் இடம்தான். எல்லையை ஒட்டியிருப்பவன் பகைவன், அவனுக்கு அப்பாலிருப்பவன் நண்பன். இவர்களோடு மத்தியமன், உதாசீனன் என்போருக்கும் அந்த மண்டலத்தில் இருக்கை உண்டு. கௌடலியரிடம் கருணையைத் தேடுபவர் ஏமாறுவார். இரகசியக் கொலைக்கும் அவரிடம் வழிமுறை இருக்கிறது. ஆயினும் யார் எங்கே நிற்கிறார் என்று கணக்கெடுக்காமல் அவர் ஒருவனைப் பகைவனென்று சொல்வதில்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது பாணினியின் ஒரு சொல். 'பிராத்ருவ்ய' என்றால் சகோதரனின் மகன். அடுத்த சூத்திரத்தில் (4.1.145) அதே சொல், அழுத்தம் மட்டும் மாறி, எதிரி என்றாகிறது. யாகம் செய்பவன் வெல்லவேண்டியவனாகப் பிராமண நூல்கள் மீண்டும் மீண்டும் காட்டுவதும் இந்தப் பிராத்ருவ்யனைத்தான். ஒரே முதுசத்துக்கு உரிமை கோருபவன் அவன். மந்திரேசுவரரின் பலதீபிகையும் ஆறாம் இடத்தில் சத்துருவோடு ஞாதியை, அதாவது தாயாதியை, இருத்துகிறது. 'சகோதர இயக்கம்' என்ற சொல்லை நாம் எவ்வளவு இலகுவாகப் புழங்கினோம்! 1986இல் புலிகள் டெலோவை அழித்தபோது அச்சொல் பாணினியின் இரண்டாம் பொருளுக்குப் போய்ச் சேர்ந்தது.

'துரோகி' என்ற சொல்லுக்கு வருவோம். சாஸ்திரங்கள் பேசும் மித்திரத்துரோகத்துக்கு முதலில் மித்திரன் வேண்டும், கொடுத்த வாக்கு வேண்டும். 1975 யூலை 27இல் பொன்னாலையில் சுடப்பட்ட அல்பிரட் துரையப்பா சுதந்திரக் கட்சிக்காரர். இளைஞர்களோடு எந்த ஒப்பந்தமும் செய்தவரல்லர். மிஞ்சிப்போனால் அவர் அரசியல் எதிரி. எதிரியைத் துரோகியென்று பெயர்மாற்றியதோடு ஐந்து படிகளும் இரண்டாயின. 1983 யூலையில் சிங்களக் காடையரும் அவர்களுக்குத் துணைநின்ற அரசும் தமிழர் எல்லோரையும் ஒரே அதிபகையாக வாசித்தார்கள். அதே வாசிப்பை நாம் உள்ளே திருப்பினோம். 1989 செப்ரெம்பர் 21இல் யாழ்ப்பாணத்தில் கொல்லப்பட்ட ராஜனி திராணகம, 1994 மே 1இல் பாரிசில் கொல்லப்பட்ட சபாலிங்கம் போன்றோர் கையில் எழுத்தைத் தவிர வேறொன்றும் வைத்திருந்ததில்லை. கௌடலியர்கூட இவர்களை உதாசீனர் வரிசையில் வைத்திருப்பார். எமது மண்டலத்தில் அந்த வரிசையே இருக்கவில்லை.

இதற்கு வள்ளுவரைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் உண்டு. உட்பகையை அவர் கடுமையாக எச்சரித்தது உண்மைதான், அது 89ஆம் அதிகாரம். அதற்கு முந்திய அதிகாரத்தின் பெயர் பகைத்திறந்தெரிதல். பகையை நட்பாக்கிக்கொள்ளத் தெரிந்தவனின் பெருமையை அவர் பேசுவது அங்கேதான். எமது மேடைகளில் அந்த அதிகாரத்தை எவரும் எடுத்துக் கதைத்து நான் கேட்டதில்லை.