டாம் பக்கம் எப்போ சாய்ஞ்சோம்?

போன ஞாயித்துக்கிழமை பொண்ணோட உக்காந்து 'டாம் அண்ட் ஜெர்ரி' பாத்துட்டிருந்தேன். அவளுக்கு ஏழு வயசு. ஜெர்ரி தப்பிச்சதும் கை தட்டினா. நான் என்னையறியாம "ஐயோ பாவம்"னு டாமுக்காக முணுமுணுத்திருக்கேன். திரும்பிப் பாத்து, "அப்பா, நீ பூனை கட்சியா?"ன்னு கேட்டா.

தொண்ணூறுகள்ல கேபிள் டிவியில இதே படங்களைப் பாத்தப்போ நான் சந்தேகமே இல்லாம எலி கட்சி. படத்துல ஒரு ஃபிரேம்கூட மாறல. நான் எப்போ கட்சி மாறினேன்?

பெரியவங்க கார்ட்டூன் பாக்குறதுக்கு வழக்கமா ரெண்டு காரணம் சொல்வாங்க. முதலாவது, பழைய ஞாபகம். இது பாதி உண்மைதான். ஆனா சின்ன வயசுல நான் ரசிச்ச வேற பல கார்ட்டூன்களை இப்போ அஞ்சு நிமிஷத்துக்கு மேல பாக்க முடியல. ஞாபகம்தான் காரணம்னா எல்லாமே பிடிச்சிருக்கணுமே. ரெண்டாவது, குழந்தைக்குப் புரியாத ஜோக்கை பெரியவங்களுக்காக நடுநடுவுல ஒளிச்சு வைக்கிறது. 2001-ல வந்த 'ஷ்ரெக்' இதுக்கு நல்ல உதாரணம். டாம் அண்ட் ஜெர்ரியில பேச்சே அபூர்வம். ஒளிச்சு வைக்க இடம் ஏது?

பதிலுக்குக் கொஞ்சம் வரலாறு பாக்கணும். வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் எம்ஜிஎம் ஸ்டுடியோவுல 1940 முதல் 1958 வரை 114 டாம் அண்ட் ஜெர்ரி குறும்படங்கள் எடுத்தாங்க. அதுல 7 ஆஸ்கர் வாங்கின. ஆரம்ப வருஷங்கள்ல அவங்க வீடுகள்ல டிவி பரவியிருக்கல. இந்தப் படங்கள் ஓடினது சினிமா தியேட்டர்ல, பெரிய படத்தோட சேர்த்து. டிக்கெட் வாங்கி உக்காந்திருந்தவங்க ஆபீஸ், தொழிற்சாலையிலிருந்து வந்த பெரியவங்க, கூடவே அவங்க பிள்ளைங்க. 'குழந்தைகள் நிகழ்ச்சி'ங்கிற லேபிள் பின்னாடி டிவி ஒட்டினது.

முதல் படத்தையே பாருங்க. 1940-ல வந்த 'புஸ் கெட்ஸ் த பூட்'. அதுல பூனைக்குப் பேர் ஜாஸ்பர். இன்னொரு சாமான் உடைஞ்சா வீட்டை விட்டு வெளியேன்னு வேலைக்கார அம்மா எச்சரிக்கிறாங்க. இதைப் புரிஞ்சுக்கிட்ட எலி, ஒரு கண்ணாடி டம்ளரைத் தூக்கிக் கீழே போடப்போறதா மிரட்டுது. பூனை உறைஞ்சு நிக்குது. குழந்தை பாக்குறது, விழப்போற டம்ளர். நான் பாக்குறது, வேலை போயிடும்கிற பயம். சிரிக்கிறது ரெண்டு பேரும் ஒரே காட்சிக்குத்தான்.

1944-ல வந்த 'மவுஸ் ட்ரபுள்'ல எலி பிடிப்பது எப்படின்னு ஒரு புத்தகத்தை வாங்கி டாம் அப்படியே ஃபாலோ பண்ணுது. ஒவ்வொரு அத்தியாயமும் உதையில முடியுது. மேனுவல்ல இருந்தபடியே செஞ்சு சர்வரைப் படுக்க வெச்ச யாருக்கும் அந்த முகம் தெரியும். 1947-ல வந்த 'த கேட் கான்செர்ட்டோ'ல டாம் லிஸ்டோட ஹங்கேரியன் ராப்சடியை உயிரைக் கொடுத்து வாசிக்குது. கடைசியில கைதட்டலுக்கு வணங்குறது பியானோவுக்குள்ள தூங்கிட்டிருந்த ஜெர்ரி. ராத்திரியெல்லாம் நாம முழிச்சு முடிச்ச வேலையை மீட்டிங்ல வேற யாரோ விளக்கினதைப் பாத்தவங்களுக்கு இதுல விளக்கம் தேவையில்ல.

ஜெர்ரிக்கு வேலை கிடையாது, முதலாளி கிடையாது. பசிச்சா சாப்பிடுது, சீண்டணும்னா சீண்டுது. அது குழந்தையோட இடம். டாமுக்குக் கடமை இருக்கு, காலக்கெடு இருக்கு, திட்டு இருக்கு. நாம வேலைக்குச் சேர்ந்த நாள்லயே கட்சி மாறிட்டோம்.

இதைச் சோதிச்சுப் பாக்க ஒரு வழி இருக்கு. 1975-ல இதே ஹன்னா-பார்பரா நிறுவனம் டிவிக்காக டாம் அண்ட் ஜெர்ரியைத் திரும்ப எடுத்துச்சு. குழந்தைகள் நிகழ்ச்சியில வன்முறை கூடாதுன்னு அப்போ கட்டுப்பாடு. அதனால பூனையும் எலியும் நண்பர்கள், ஜெர்ரிக்கு சிவப்பு போ டை. அதே பாத்திரங்கள், அதே ஆட்கள். ஆனா இதைத் தேடிப் பாக்குற பெரியவங்க ரொம்பக் குறைவு. பட்ஜெட்டும் கம்மிதான், ஒத்துக்கிறேன். எனக்குப் பெருசா தெரியறது, டாமுக்கு இழக்க எதுவும் இல்லாமப் போனது.

எதிர்ப்பக்கமும் ஒரு தோல்வி உண்டு. 1956-ல வந்த 'ப்ளூ கேட் ப்ளூஸ்'ல டாம் காதலிக்காகக் கடன்ல மூழ்கி, ஏமாந்து, கடைசியில ரயில் தண்டவாளத்துல உக்காருது. எனக்கு நெஞ்சை அடைச்சுது. ஆனா பொண்ணு பாதியிலேயே எழுந்து போயிட்டா. அங்க அவளுக்கு இடமே இல்ல. ஒரே காட்சி ரெண்டு பேருக்கும் வேலை செஞ்சாதான் இந்த மாதிரிப் படம் முழுசாகும்.

பெரியவங்க கண்ணோட பாத்தா வேற சிலதும் தெரியுது. முகம் பெரும்பாலும் காட்டப்படாத அந்தக் கறுப்பின வேலைக்கார அம்மா, அப்பட்டமான இனக் கேலி. வெடி வெடிச்சதும் முகம் கரியாகிற ஜோக்குகளும் அப்படித்தான். சின்ன வயசுல எனக்கு அது கண்ல படவே இல்ல. அறுபதுகள்ல டிவிக்காக அந்தப் பாத்திரத்தை மாத்தி வரைஞ்சு, குரலும் மாத்தினாங்க. மறைக்கிறதைவிட பக்கத்துல உக்காந்து சொல்றது மேல்னு நினைக்கிறேன். சொல்லணும்னா நாமளும் பாக்கணும்.

குழந்தைக்குன்னு தனியா நீர்த்துச் செஞ்சதைக் கையில கொடுத்துட்டு நாம போன் பாக்கப் போயிடுறோம். நம்மால உக்காந்து பாக்க முடியாத ஒண்ணை அவங்களுக்கு மட்டும் ஏன் போதும்னு நினைக்கிறோம்? இப்போ வீட்டுல என்ன போடலாம்னு தேர்ந்தெடுக்க நான் வெச்சிருக்கிற ஒரே அளவுகோல் இதுதான்.

அவ கேள்விக்கு, "ஆமா, பூனை கட்சிதான்"னு சொன்னேன். "ஏன், அதுதான் தினமும் தோக்குதே?"ன்னா.

"தோத்தாலும் மறுநாள் வேலைக்கு வருது பாரு"ன்னேன். அவளுக்குப் புரியல. புரிய இன்னும் இருபது வருஷமாவது ஆகட்டும்.